அம்மா உடுத்திய டீக்கலர்

சென்ற ஆண்டு எங்கள் அம்மாவை வழியனுப்ப வந்த உறவினர்களில் பலர், எல்லாம் முடிந்து பஸ் ஏறக் கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "பொறந்த வூட்டுக் கோடி வெள்ளையாத்தானேம்மா வரணும்? அது என்ன கலருல வந்துச்சு?" அன்று எனக்குப் பதில் சொல்லத் தெம்பு இல்லை. வருஷம் திரும்பட்டும், எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதோ வருஷம் திரும்பிவிட்டது. உங்கள் கையில் இருக்கும் இந்த மலர் அந்தக் கேள்விக்கான பதில்.

பதில் சொல்ல வேண்டுமென்றால் சினிமாவுக்குக் கலர் வந்த கதையையும் சொல்லியாக வேண்டும். நினைவு மலரில் சினிமாக் கதையா என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள். பாடம் நடத்தாமல் எனக்கு எதையும் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அம்மா பிறந்தது ஜெயங்கொண்டம் பக்கத்தில், முந்திரிக் காடுகளுக்கு நடுவே ஒரு சிறிய ஊரில். கூடப் பிறந்தவர் ஒரே ஒரு தம்பி. அவர்தான் எங்கள் மாமா. மழையை நம்பிய ஊரிலிருந்து கொள்ளிடக் கரைக்கு, திருமானூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, அம்மாவுக்கு நாற்று எது, களை எது என்றுகூடத் தெரியாதாம். ஒரே போகத்தில் கற்றுக்கொண்டு, ஊரிலேயே வேகமாக நடுகிறவர் என்று பெயர் எடுத்தார். அதுவும் நொட்டாங்கையால். அம்மாவுக்கு எல்லாமே இடது கைதான். நொட்டாங்கையால் நட்டால் விளையுமா என்று வரப்பில் நின்றவர்கள் கேட்டதற்கு, அம்மாவின் மாமனார், அதாவது என் தாத்தா, "பயிருக்கு எந்தக் கையின்னு தெரியுமாய்யா? வேலையப் பாருங்க" என்று வாயடைத்தாராம்.

நான் வயிற்றில் இருக்கும்போதே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவுக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. அன்று பிறந்த வீட்டிலிருந்து வந்த வெள்ளைப் புடவையைக் கட்டியவர், பிறகு வெள்ளை தவிர வேறு கட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தை அம்மா எதிர்த்தார் என்று நான் எழுதினால் அது பொய். எதிர்க்கவில்லை. ஆனால் நல்ல காரியம் நடக்கும் வீடுகளில் யாராவது "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்று சொல்லும்போது, சொல்லி முடிக்குமுன்னே தள்ளி நிற்கப் பழகிக்கொண்டார்.

நான் கைக்குழந்தையாக இருந்த வருஷம், சம்பா நடவு நேரத்தில், ஒரு சினிமாக் கம்பெனி எங்கள் ஊருக்கு வந்தது. பெட்டி பெட்டியாகச் சாமான்கள் ரயிலில் அரியலூருக்கு வந்து, அங்கிருந்து லாரியில் ஊருக்குள் இறங்கினவாம். படம் முழுக்கக் கருப்பு வெள்ளை. ஒரே ஒரு நடவுப் பாட்டு மட்டும் கலர். அந்தக் காலத்தில் அப்படித்தான் எடுப்பார்கள். கலர் பிலிம் கிடைப்பதே அரிது. கிடைத்தாலும், எடுத்ததைப் பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வாங்க வேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்சி, ஒரு பாட்டுக்கோ ஒரு கனவுக்கோ மட்டும் கலர் வைத்து, போஸ்டரில் அதையே பெரிய எழுத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்தப் படம் பெரிதாக ஓடவில்லை. பெயரைச் சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது, அதனால் சொல்லவில்லை.

கதாநாயகியும் தோழிகளும் முன்வரிசையில் நின்றார்கள். ஆனால் அவர்களுக்கு நடத் தெரியவில்லை. நாற்றைக் கையில் பிடித்தால் பூச்செண்டு பிடித்த மாதிரி இருந்ததாம். பின்வரிசையில் நிஜமாகவே நடுகிறவர்கள் வேண்டும் என்று ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டார்கள். அம்மா என்னை வரப்பில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, சேற்றில் இறங்கி வரிசையில் நின்றார்.

கேமராக்காரர் சென்னைக்காரர். கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தவர், தலையைத் தூக்கி, "அந்த வெள்ளைப் புடவை வரிசையில வேண்டாம்" என்றார்.

அம்மாவுக்கு அது புதிய பேச்சல்ல. கையிலிருந்த நாற்றைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு வரப்பேறி நடக்கத் தொடங்கிவிட்டார். கேமராக்காரர் பதறிப்போய்ப் பின்னாலேயே கூப்பிட்டாராம். "நீங்க எங்கம்மா போறீங்க? நான் புடவையைத்தானே வேண்டாம்னேன். நீங்க வேணும்."

இந்த வார்த்தையை அம்மா தன் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதெல்லாம் முகத்தில் ஒரு வியப்பு வரும். புடவை வேறு, ஆள் வேறு என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

உடைக்காரர் ஒருவர் பச்சைப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். வரப்பில் நின்ற ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அம்மா கை நீட்டவில்லை. கேமராக்காரருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவர் தாத்தாவிடம் வந்து பொறுமையாகச் சொன்னாராம். கலர் பிலிமுக்கு வெயிலில் சுத்த வெள்ளை ஆகாது. வெள்ளை மட்டும் தீப்பிடித்த மாதிரி எரிந்து, பக்கத்தில் இருப்பவர் முகத்தைக்கூட மறைத்துவிடும். வெளிநாட்டில் கலர் எடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து இதற்கென்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வெள்ளைத் துணியை டீத் தண்ணீரில் முக்கி எடுத்துவிடுவார்கள். திரையில் பார்த்தால் வெள்ளையாகவே தெரியும், கண்ணைக் கூசாது.

ஊரே தாத்தாவைப் பார்த்தது. தாத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்ன தீர்ப்பு எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் பிரசித்தம்.

"சாயத்துல முக்குனாத்தான் கலர்ப் பொடவ. டீ பட்டா அது கறைதானே? கறை பட்ட வெள்ளைப் பொடவையக் கட்டக்கூடாதுன்னு எவனாச்சும் சொல்லியிருக்கானா? முக்குங்க."

ஆக, வீட்டிலிருந்த மாற்றுப் புடவை ஓடி வந்தது. டீக்கடைக்காரரிடம் ஓர் அண்டா டிகாஷன் போடச் சொன்னார்கள். அங்கேதான் வினை. சினிமாக்காரர்கள் கேட்கிறார்கள் என்ற உற்சாகத்தில் அவர் இருந்த தூளையெல்லாம் கொட்டிக் கொதிக்கவிட்டார். பழக்க தோஷத்தில் சர்க்கரையையும் அள்ளிப் போட்டு, இஞ்சியும் தட்டிப் போட்டுவிட்டார். புடவைக்கு எதற்கய்யா சர்க்கரை என்று கேட்டதற்கு, "சப்புன்னு டீ போட்டு எனக்குப் பழக்கமில்லீங்க" என்றாராம். புடவை காய்வதற்குள் எறும்பு மொய்த்துவிட்டது. ஈக்கள் வேறு. அம்மா அன்று முழுக்க ஒரு கையால் நட்டு, மறு கையால் ஈ ஓட்டினாராம்.

லேசான டீ நிறம் கேட்ட இடத்தில் அடர்த்தியாக ஏறிவிட்டது. கேமராக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வேறு புடவையும் இல்லை. "சரி, இருக்கட்டும், எடுப்போம்" என்று எடுத்துவிட்டார்.

சில மாதம் கழித்துப் படம் அரியலூர்க் கொட்டகைக்கு வந்தது. ஊரே வண்டி கட்டிக்கொண்டும் பஸ்ஸிலும் மதிய ஆட்டத்துக்குப் போனது. என்னை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் போனார். அதன் பிறகு நடந்ததை நான் அம்மாவின் வாயால் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

வெகுநேரம் கருப்பு வெள்ளையாக ஓடிய படம் திடீரென்று ஒரு நொடி இருண்டு, கலராகத் திறந்தது. கொட்டகையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே மூச்சாக "ஆ" என்றார்களாம். "பச்சைன்னா அம்புட்டுப் பச்சை பாப்பா. நான் தெனமும் அந்த வயல்ல தான் நிக்குறேன். ஆனா வயலு பச்சைன்னு அன்னிக்குத்தான் பாத்தேன்" என்பார் அம்மா. குனிந்து வேலை செய்கிறவருக்கு வயல் முழுதாகத் தெரிவதில்லை. திரைதான் அவரை நிமிர்த்திக் காட்டியது.

முன்வரிசையில் சிவப்பும் நீலமுமாகத் தோழிகள். பின்வரிசையில், எல்லோருக்கும் நடுவில், வெயில் பட்டு மின்னும் சந்தனக் கலர் புடவையில் ஒரு பெண். அடர்த்தியாக ஏறிய டீ திரையில் சந்தனமாக வந்துவிட்டது. தாத்தா பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாராம்.

"யாருய்யா அது, ரெண்டாவது வரிசையில, மகாலட்சுமி மாதிரி?"

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க? ஒங்க மருமவதான்."

பாட்டு முடிந்து மறுபடியும் கருப்பு வெள்ளையாகப் படம் தொடர்ந்தபோது தாத்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாராம். வெளியே வந்து வண்டியில் ஏறும்போது அம்மாவிடம் சொன்னது இதுதான். "இனிமே டீயிலயே முக்கிக் கட்டும்மா. கேக்குறவன் என்கிட்ட வந்து கேக்கட்டும்."

அம்மா அன்றிலிருந்து கடைசிவரை அப்படித்தான் கட்டினார். வாங்குவது வெள்ளைப் புடவை. வீட்டுக்கு வந்ததும் டீத் தண்ணீர். இஞ்சியும் சர்க்கரையும் இல்லாமல். இவ்வளவும் நடந்த அந்த மதியம் நான் மடியில் பால் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டேனாம். "ஒலகமே வாயப் பொளந்து பாத்துச்சு, நீ கண்ணத் தொறக்கலையே" என்பது என் மேல் அம்மாவுக்கு இருந்த தீராத குறை.

படம் பார்க்கப் போகாதவர் ஒருவர் இருந்தார். மாமா. அந்தச் சமயம் அவருக்குப் பெண் பார்த்து, ஏறக்குறைய முடிவாகியிருந்தது. "தாலியறுத்த அக்கா சினிமாவுல கலர்ப் பொடவை கட்டி ஆடுதாமே" என்று யாரோ போய்ச் சொல்ல, பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அம்மா ஆடவில்லை, நட்டார். ஆனால் அதைக் கேட்க யார் இருந்தார்கள்? மாமாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடக்கச் சில வருஷங்கள் ஆயின. அவருடைய வலிக்கும் காரணம் இருந்தது என்பதை நான் மறுக்கமாட்டேன்.

மாமா அக்காவிடம் பேச்சை நிறுத்தவில்லை. பொங்கல் சீரையும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து, மஞ்சள் கொத்து, கரும்பு, பச்சரிசியோடு ஒரு வெள்ளைப் புடவையும் வைத்துக் கொடுப்பார். பளிச்சென்ற வெள்ளை. அதைத் தேடித்தான் வாங்குவார் போல. அம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவர் சாப்பிட்டுக் கிளம்பிய மறுகணம் அடுப்பில் டீத் தண்ணீரை ஏற்றிவிடுவார். அடுத்த வருஷம் மாமா வரும்போது போன வருஷத்துப் புடவையை டீக்கலரில் கட்டிக்கொண்டு எதிரே நிற்பார். மாமா புடவையைப் பார்க்கவே மாட்டார். முகத்தை மட்டும் பார்த்துப் பேசுவார். இருவரும் ஒரு வார்த்தைகூடச் சண்டை போட்டதில்லை. இப்படியே இருவரும் கிழவன் கிழவி ஆனார்கள்.

தாத்தா காலமானதும் நிலம் பங்கு பிரிந்து, எங்களுக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. அம்மா என்னை அழைத்துக்கொண்டு ரெட்டிபாளையம் பக்கம் வந்து, சிமெண்ட் வேலைக்கான சுண்ணாம்புக்கல் சுமக்கப் போனார். காலையில் டீக்கலரில் போகிற புடவை மாலையில் தூசி படிந்து மறுபடி வெள்ளையாகத் திரும்பி வரும். "பாத்தியா, வெள்ளை நம்மள வுடமாட்டேங்குது" என்று சிரித்தபடியே உதறுவார். அந்தத் தூசியில்தான் நான் படித்தேன். படித்து, ஆசிரியர் வேலை கிடைத்து, பெரம்பலூரில் வீடு எடுத்து அம்மாவை உட்கார வைத்த நாளில், அவர் முதலில் கேட்டது, "இங்க டீத்தூள் நல்லதா கிடைக்குமா?"

கலர்ப் புடவை வாங்கித் தரட்டுமா என்று நான் கேட்டதுண்டு. காலம் மாறிவிட்டது, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று வாதாடியதுமுண்டு. "ஒங்க தாத்தா தீர்ப்பு சொன்னது டீக்குத்தான். நான் வெள்ளையத்தான் கட்டுறேன்னு அவரு வாக்கும் நிக்கும், எனக்குக் கலரும் கெடைக்கும். இதுல ஒனக்கு என்ன நஷ்டம்?" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் அவருக்குள் ஓயவில்லை. அந்தக் கலர் எங்கிருந்து வந்தது? ஒரு பெட்டிக்குள் எப்படிப் போயிற்று? ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சின்ன வெங்காயம் உரிக்க உட்காரும்போது கேட்பார். நான் நூலகத்தில் படித்ததையெல்லாம் தவணை முறையில் சொல்வேன்.

பேசாத படங்களின் காலத்திலேயே மனிதர்களுக்குக் கலர் ஆசை வந்துவிட்டது. கேமராவுக்குக் கலர் தெரியாது. அதனால் எடுத்த பிலிமைப் பெண்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் வரிசையாக உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால், நகத்தளவு படங்கள் ஒவ்வொன்றுக்கும் கையாலேயே வண்ணம் வைத்தார்கள். ஒருவருக்கு ஒரு நிறம். ஒரு பெண் சிவப்பை முடித்துக் கொடுத்தால் அடுத்தவர் மஞ்சளை எடுப்பார். கண் இமைக்கும் நேரத்தில் ஓடிப்போகும் காட்சிக்கு நாள்கணக்கில் வேலை. இதைச் சொன்னபோது அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"வரிசையாவா? நாங்க நாத்து நடுற மாதிரி?"

"ஆமாம்மா."

"அவங்க பேரெல்லாம் படத்துல போட்டாங்களா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா."

"ம். நம்ம பேரும் போடலியே" என்றார். வருத்தமாக அல்ல, ஏதோ சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்த குரலில்.

பிறகு பிலிமையே சாயத் தொட்டியில் முக்கினார்கள். நிலாக் காட்சியா, நீலத்தில் முக்கு. வீடு எரிகிறதா, சிவப்பில் முக்கு. இதற்கு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "என் பொடவைய முக்குன மாதிரி படத்தையே முக்கியிருக்கானுவளா!"

அடுத்து இரண்டு நிறங்களை மட்டும் பிடிக்கும் கேமராக்கள் வந்தன. செம்மையும் பசுமையும் வரும். முகம் முகமாக இருக்கும், மரம் மரமாக இருக்கும். வானம் மட்டும் சரியாக வராது. நீலம் இல்லாத வானத்தின் கீழே மனிதர்கள் ஆடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்கு இன்றும் நம்ப முடியாத அதிசயம். கேமராவுக்குள் ஒரு கண்ணாடிக் கட்டியை வைத்து, உள்ளே வரும் வெளிச்சத்தைப் பிரித்து, ஒரே சமயத்தில் மூன்று பிலிம்களில் பதித்தார்கள். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஆனால் அந்த மூன்று பிலிம்களையும் எடுத்துப் பார்த்தால் மூன்றும் கருப்பு வெள்ளை! மூன்றுக்கும் உரிய சாயத்தை ஏற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும்போதுதான் உலகம் முழுக் கலரில் எழுந்து வரும்.

அந்தப் பெரிய கேமராவுக்குக் கொள்ளாத வெளிச்சம் தேவைப்பட்டது. அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் துணிகள் கண்ணைப் பறித்தன. அங்கே யாரோ ஒருவர்தான் முதன்முதலில் சட்டையை டீயில் முக்கியிருக்க வேண்டும். பின்னர் மூன்று அடுக்குகளையும் ஒரே பிலிமில் பூசும் முறை வந்து, கேமரா இளைத்து, ரயிலேறி அரியலூர்வரை வந்தது. கேமரா மாறினாலும் டீப் பழக்கம் மாறவில்லை. எங்கோ ஒரு தேசத்தில் ஒரு சட்டைக்குச் செய்த வைத்தியம் கொள்ளிடக் கரையில் என் அம்மாவின் வாழ்க்கையைத் தொட்டது.

கண்ணாடிக் கட்டி வெளிச்சத்தை எப்படிப் பிரிக்கும் என்று அம்மா விடாமல் கேட்டதால், ஒரு நாள் பள்ளி ஆய்வகத்திலிருந்து முப்பட்டகக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிவந்தேன். காலை வெயில் ஜன்னல் வழியே விழும் இடத்தில் அதைப் பிடித்தேன். எதிரே, மாமா கொண்டுவந்து இன்னும் முக்காமல் வைத்திருந்த பொங்கல் சீர் வெள்ளைப் புடவையின்மேல் ஏழு நிறங்களும் வந்து விழுந்தன. அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். கையில் நிறம் ஏறியது. கையை எடுத்தால் புடவையில் நின்றது.

"இது எங்கேருந்து வருது?"

"வெளிச்சம் வெள்ளையா இருக்கில்லம்மா, அந்த வெள்ளைக்குள்ளதான் இத்தனையும் இருக்கு."

அம்மா மறுபடி கையை அந்த நிறங்களுக்குள் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார். "வெள்ளைக்குள்ள இத்தனையும் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா, அதை எங்களுக்குக் குடுத்திருப்பானுவளா?"

நான் படித்த எந்த இயற்பியல் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இல்லை.

அம்மாவின் கடைசிப் பொங்கலுக்கு மாமா வந்திருந்தபோது, என் மகள் தன் போனில் அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்துவிட்டாள். யாரோ ஒரு பழைய பிரதியிலிருந்து எடுத்து ஏற்றியிருந்தார்கள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வயல் பச்சையாக இல்லை. தோழிகளின் நீலப் புடவை, சிவப்புப் புடவை எதுவும் தனியாகத் தெரியவில்லை. எல்லாமே ஒரே செம்பழுப்பு. அந்தக் காலத்துப் பிலிமின் சாயங்களில் நீலமும் மஞ்சளும் சீக்கிரம் வெளுத்துவிடும். சிவப்பு மட்டும் கடைசிவரை தங்கும். எனக்கு அழுகை வந்தது. அம்மா சிரித்தார். "மொத்தப் படத்தையும் டீயில முக்கிட்டாங்களே! பாரு, எல்லாரும் என் கலருக்கே வந்துட்டாங்க."

சிறிது தள்ளி உட்கார்ந்து கரும்பு நறுக்கிக்கொண்டிருந்த மாமாவிடம் அம்மா போனை நீட்டினார். "இந்தா தம்பி. இப்பவாச்சும் பாரு." மாமா தயங்கினார். பிறகு வாங்கிக்கொண்டார். தன் அக்கா நடித்த அந்தப் பாட்டை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே. இதுல எது நீயி?"

"தேடு."

மாமா போனைக் கண்ணருகே கொண்டுபோய்த் தேடினார். பாட்டு முடிந்தது. மறுபடி போடச் சொன்னார். திடீரென்று விரலை வைத்தார். "இந்தா, நொட்டாங்கையால நடுது பாரு. இதான் நீ." மறுபடியும் மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் கேட்டார்.

"அப்ப கொட்டகையில பாத்தப்ப என்ன கலருல இருந்துச்சுக்கா?"

"வந்திருந்தா பாத்திருப்ப" என்றார் அம்மா. கோபமில்லை. உள்ளதைச் சொன்னார். அந்தக் கலர் இனி எந்தப் பிரதியிலும் இல்லை. அன்று அரியலூர்க் கொட்டகையில் கண் விழித்திருந்தவர்களில் எனக்குத் தெரிந்து மிஞ்சியது அம்மா ஒருவர்தான். மாமா தலையைக் குனிந்துகொண்டு மறுபடி கரும்பை எடுத்தார். அவர் கொண்டுவந்த புடவை அந்தப் பொங்கலுக்கும் பளிச்சென்ற வெள்ளையாகவே இருந்தது.

அடுத்த பொங்கலுக்கு அம்மா இல்லை. பெரிய நோவு எதுவும் இல்லாமல், பெரம்பலூர் வீட்டில், ஒரு காலை நேரத்தில், என் மகள் பக்கத்தில் இருக்க, உறங்குவதுபோல் போனார்.

அந்தக் கடைசி மாதங்களில் எங்களைத் தாங்கியவர்கள் பலர். அழைத்த நேரத்துக்கு வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், செவிலித் தங்கைக்கும் கடன்பட்டிருக்கிறோம். பக்கத்து வீட்டு லப்பைக்குடிக்காட்டுச் சகோதரி, கணவர் துபாயிலிருந்து கொண்டுவரும் டீத்தூளில் பாதியை வருஷா வருஷம் அம்மாவின் புடவைக்கென்று எடுத்து வைத்துவிடுவார். "பெரியம்மா, இது குடிக்க, இது பொடவைக்கு" என்று இரண்டு பொட்டலமாகத்தான் கொடுப்பார். அம்மா போன அன்று ஊரே சாப்பிட அவர் வீட்டு அடுப்புத்தான் எரிந்தது. திருமானூரிலிருந்தும் ரெட்டிபாளையத்திலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்த உறவினர்களையும், என் பழைய மாணவர்களையும் எங்கள் குடும்பம் மறக்காது.

இனி அந்தக் கோடி. இறந்தவர் மேல் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்தும் புதுப் புடவைதான் கடைசிச் சீர். அதை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. மாமா ஜெயங்கொண்டத்திலிருந்து கிளம்பிவிட்டார் என்று சேதி வந்ததும் என் மகள் கேட்டாள். "ஜெயங்கொண்டத்துத் தாத்தா வெள்ளை கொண்டுவந்தா என்னம்மா செய்யப்போறே?" சண்டை போடுகிற நாள் அல்ல அது. ஆனால் அம்மா எத்தனையோ வருஷம் கட்டிக் காத்த கலரைக் கடைசி நிமிஷத்தில் ஒரு வெள்ளை மூடிவிடும் என்பதையும் என்னால் தாங்க முடியவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாமா வந்தார். வயதான மனிதர், இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு மஞ்சள் பையோடு. நேரே அம்மாவிடம் போய் உட்கார்ந்தார். பைக்குள்ளிருந்து புடவையை எடுத்து உதறினார். அது ஈரமாக இருந்தது. மழையில நனைஞ்சிருச்சா என்று யாரோ கேட்டார்கள். மழையில்லை. வீடு முழுக்க டீ வாசனை வந்தது. கூடவே இஞ்சி வாசனையும்.

"பஸ் ஸ்டாண்டு டீக்கடையில முக்கினேன்" என்றார் மாமா, யாரையும் பார்க்காமல். "சக்கர போடாதன்னு கண்டிசனா சொன்னேன். இஞ்சியச் சொல்ல மறந்துட்டேன். பய தட்டிப் போட்டுட்டான்."

அம்மாவின் நொட்டாங்கைப் பக்கத்திலிருந்து தொடங்கி, சுருக்கமில்லாமல், மெல்லப் போர்த்திவிட்டார். ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்தது. மாமா சற்றுப் பின்னால் நகர்ந்து, தன் அக்காவின் புடவையை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைக் கேட்டார்.

"நீயும் அன்னிக்குக் கொட்டகையில இருந்தியே பாப்பா. இந்தக் கலருதானா?"

அன்று நான் அம்மா மடியில் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தேன். மாமாவுக்கும் அது தெரியும்.

"இதேதான் மாமா" என்றேன்.